பெயரைக் கேட்ட பெட்டி

பாலைவனத்து நடுவில் இருக்கும் பழங்குடி ஊரான குர்லங்காவில் எவருக்கு எந்தப் படம் வேண்டுமென்றாலும் நொரீன் நபுருலாவிடம்தான் போய் நிற்க வேண்டும். பள்ளிக்கூட விளையாட்டு விழா, முப்பது வருடத்துக்கு முந்தைய கால்பந்து இறுதியாட்டம், யாரோ ஒருவருடைய அப்பா முதல்முதலாக டொயோட்டா வாங்கி அதன் மேல் கையை ஊன்றி நிற்கும் படம், பெண்கள் மட்டும் கேட்கக்கூடிய பாட்டு, முன்பல் விழுந்த குழந்தைகளின் இளிப்பு, எல்லாம் அவளுடைய தகரக் கொட்டகையில் இருந்தன. கொட்டகைதான், ஆனால் உள்ளே ஏசி ஓடும். ஊரில் நாள் முழுக்க ஏசி நிற்காமல் ஓடுகிற இடங்கள் மூன்றே மூன்று: கடையில் இறைச்சி வைக்கும் அறை, கிளினிக்கின் டயாலிசிஸ் அறை, நொரீனின் சர்வர் அறை. மனுஷனைவிட மாட்டுக்கறிக்குத்தான் இந்த ஊரில் மரியாதை என்று அவளே சொல்லிச் சிரிப்பாள்.

நாற்பத்து நான்கு வயது. கனத்த உடம்பு, பூப்போட்ட பாவாடை, அதற்கு மேல் கால்பந்து அணியின் பழைய பனியன். கழுத்தில் எந்நேரமும் இரண்டு கேபிள்கள் தொங்கும். நபுருலா என்பது குடும்பப் பெயர் அல்ல, அவள் பிறந்த உறவு வகை. அதைச் சொல்லிவிட்டால் போதும், அவள் யாருக்கு அக்கா, யாருக்கு அத்தை, அவளை யார் கேலி செய்யலாம், யார் அவளைக் கண்டால் தலையைக் குனிந்துகொண்டு வேறு பக்கம் போக வேண்டும் என்பதெல்லாம் முந்நூறு மைல் தள்ளி இருப்பவர்களுக்கும் புரிந்துவிடும்.

படிக்க நகரத்துக்கு அனுப்பினார்கள். இரண்டு தடவை ஓடி வந்துவிட்டாள். மூன்றாவது தடவை அனுப்ப யாருக்கும் தெம்பில்லை. பதினேழு வயதில் ஊர் வானொலியில் ஒலிநாடாவைப் பிளேடால் வெட்டி ஒட்டக் கற்றுக்கொண்டாள். அதற்குப் பிறகு கேசட் வந்தது, குறுந்தகடு வந்தது, கம்ப்யூட்டர் வந்தது, வானத்திலிருந்து இன்டர்நெட் வந்தது. எது வந்தாலும் முதல் வாரம் வாய்க்கு வந்தபடி திட்டுவாள். இரண்டாவது வாரம் அதைத் திருகிக் கழற்றி உள்ளே பார்த்துக்கொண்டிருப்பாள். கணவன் சாலை போடும் வேலையில் பாதி வருடம் வெளியூரில்தான். அந்த மனிதனுக்கும் சேர்த்துப் பேசித் தீர்த்துவிடுகிறவள் நொரீன்.

கொட்டகையில் ஒரு படத்தைப் போட்டால் விடிவதற்குள் அது ஆறு இடத்தில் இருக்கும். கடைச் சுவரில் உள்ள திரை, முதியோர் சமையற்கூடத் திரை, ஓவியம் வரையும் கூடம், பள்ளிப் பிள்ளைகளின் டேப்லெட்டுகள், டயாலிசிஸ் அறை, சுற்றுவட்டார ஊர்ப் படங்களையெல்லாம் பார்த்துக்கொள்ளும் நகரத்துப் பெரிய அலுவலகத்தின் கம்ப்யூட்டர். அது தவிர சாயங்காலமானால் கொட்டகைச் சுவரையொட்டி வரிசையாகக் கார்கள் வந்து நிற்கும். உள்ளே உட்கார்ந்தபடியே வைஃபையில் பாட்டை இழுப்பார்கள். ஒரு போனிலிருந்து பக்கத்து சீட்டின் போனுக்கு, அங்கிருந்து மெமரி கார்டுக்கு, கார்டிலிருந்து காரில் செருகுகிற பென் டிரைவுக்கு. கார் எங்கே போகிறதோ அங்கே பாட்டும் போகும். பாலைவனத்தைக் கடக்கிற தனாமி ரோட்டில் வண்டி பழுதாகிக் கிடக்கிற எவனிடம் கேட்டாலும் குர்லங்காப் பசங்களின் பாட்டு இருக்கும்.

இவ்வளவு தாராளமாகப் போகிற சரக்குக்குக் கதவுகளும் உண்டு. இது பெண்களுக்கு மட்டும், இது ஆண்களுக்கு மட்டும், இது இந்தக் குடும்பத்துக்கு மட்டும். செத்துப்போனவர்களின் படமும் குரலும் அந்தக் குடும்பம் போதும் திறக்கலாம் என்று சொல்லும்வரை யாருக்கும் கிடையாது. சர்வர் பெட்டிக்குள் இந்தக் கதவுகளை வைத்தே ஆக வேண்டும் என்று பத்து வருடத்துக்கு முன்னால் நகர அலுவலகத்தில் மேஜையைத் தட்டிச் சண்டை போட்டவளும் நொரீன்தான். தன் வாழ்க்கையில் உருப்படியாகச் செய்த வேலை எது என்று கேட்டால் மூன்று பிள்ளைகளைச் சொல்ல மாட்டாள், இதைத்தான் சொல்வாள்.

ஏப்ரலில் அவள் தம்பி செத்துப்போனான். சின்னம்மா ஈனிட் நபல்ஜாரியின் மகன். முப்பத்தொரு வயது. பேஸ் கிடார் வாசித்துக்கொண்டே பாடுவான். சின்ன வயதில் வந்த காய்ச்சல் இருதயத்தைக் கெடுத்து வைத்திருந்தது. நகரத்து ஆஸ்பத்திரியில் மூன்று நாள் கிடந்து போய்விட்டான். அவன் பெயரை இந்தக் கதையிலும் எழுதப்போவதில்லை. செத்தவர் பெயரை அந்த ஊரில் வாயால் சொல்லக் கூடாது, யாரும் சொல்லாததை நான் மட்டும் எழுதினால் நன்றாக இருக்காது. பள்ளிப் பேருந்து ஓட்டுபவருக்கும் அதே பெயர். அன்றிலிருந்து அவர் குமஞ்சாயி ஆகிவிட்டார். இறந்தவரின் பெயர் யாருக்கு இருந்தாலும் அவரை அப்படித்தான் கூப்பிடுவார்கள். இறந்தவரைச் சொல்ல வேண்டி வந்தாலும் அதே குமஞ்சாயிதான்.

வீட்டைக் காலி செய்துவிட்டு எல்லோரும் ஊரின் மேற்கு ஓரத்தில் துக்கக் கூடாரம் போட்டார்கள். பெண்கள் தலைமுடியை ஒட்ட வெட்டிக்கொண்டு உடம்பில் வெள்ளை மண் பூசிக்கொண்டார்கள். நொரீனும் பூசிக்கொண்டாள். இரண்டாம் நாள் அவளுக்கு நினைவு வந்தது: பெட்டியை மூட வேண்டும்.

முன்பெல்லாம் இந்த வேலையைக் கொட்டகையில் இருந்த வெள்ளைக்கார மேலாளர் செய்துவிடுவார். அவர் வேலையை விட்டுப் போனதிலிருந்து அந்த நாற்காலி காலி. நொரீன் மண் பூசிய உடம்போடு வந்து உட்கார்ந்தாள். எதை அழுத்த வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். அழுத்தினாள். பெட்டி கேட்டது: யாரை மூட வேண்டும்? பெயரை எழுதவும்.

தம்பியின் பெயரை மறைக்கத் தம்பியின் பெயரை எழுத வேண்டுமாம். அவன் போன இரண்டாம் நாளில், அக்காவின் கையால். விரல் போகவில்லை. யார் கேட்டாலும் ஊரில் என்ன சொல்வார்களோ அதையே எழுதினாள்: குமஞ்சாயி. பெட்டி சிறிது நேரம் சுற்றிவிட்டுப் பச்சை நிறத்தில் ஒரு டிக் போட்டது. மூடப்பட்டது என்றது. திறந்து சரிபார்க்கலாம்தான். சரிபார்ப்பதென்றால் அவன் முகத்தைப் பார்க்க வேண்டும். அவள் அறையைப் பூட்டிக்கொண்டு கூடாரத்துக்குத் திரும்பினாள்.

ஐந்து வாரம் போயிற்று.

ஈனிட்டுக்கு ஐம்பத்தெட்டு வயது. சிறுநீரகம் இரண்டும் போய் ஆறு வருடம் ஆகிறது. திங்கள், புதன், வெள்ளி, ஒவ்வொரு தடவையும் ஐந்து மணி நேரம் டயாலிசிஸ் நாற்காலியில் கையை நீட்டிப் படுத்திருக்க வேண்டும். சுவரில் இருந்த திரையில் முன்பு சமையல் நிகழ்ச்சி ஓடும். தண்ணீர்கூட அளந்து குடிக்கிறவளுக்கு எதிரில் எவளோ ஒருத்தி கேக் செய்துகொண்டிருப்பாள். நொரீன்தான் அதை நிறுத்திவிட்டு ஆயிரக்கணக்கான ஊர்ப் படங்கள் வரிசையில்லாமல் மாறி மாறி வரும்படி செய்து கொடுத்தாள்.

அந்தப் புதன்கிழமை ஊசி குத்தி இரண்டு மணி நேரம் ஆகியிருந்தது. திரையில் உடும்பு பிடிக்கப் போன பெண்கள் வந்தார்கள், பள்ளித் தோட்டத்தின் பூசணிக்காய் வந்தது. அடுத்தது கால்பந்துத் திருவிழா மேடை. கிடாரோடு ஈனிட்டின் மகன் வந்து நின்று பாட ஆரம்பித்தான்.

எழுந்து ஓட முடியாது. இரண்டு குழாய்கள் கையில் செருகியிருக்கின்றன, ரத்தம் வெளியே போய் உள்ளே வந்துகொண்டிருக்கிறது. பக்கத்து நாற்காலியில் இருந்த கிழவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு கத்தினார். நர்ஸ் ஜூடித் ரிமோட்டைத் தேடினாள், கிடைக்கவில்லை. கடைசியில் மேஜைக்கு அடியில் புகுந்து ப்ளக்கைப் பிடுங்கினாள். அவள் நிமிர்ந்தபோது ஈனிட் போர்வையைத் தலைக்கு மேல் இழுத்து மூடியிருந்தாள். போர்வைக்குள்ளிருந்து ஒப்பாரி கேட்டது. அதற்கு மேல் அவளை நாற்காலியில் வைத்திருக்க முடியவில்லை. ஜூடித் பாதியிலேயே ஊசிகளை எடுத்துவிட்டாள்.

அரை மணி நேரத்தில் கொட்டகை வாசலில் கூட்டம் கூடிவிட்டது. ஈனிட்டின் தங்கை கையில் ஒரு தடியோடு முன்னால் நின்றாள்.

"மூடிட்டேன்னு சொன்னியே, எதடி மூடின? ஃபிரிட்ஜ் கதவையா?"

"மூடினேன், சின்னம்மா. பச்சையா டிக்கு வந்துச்சு."

"டிக்கு வந்துச்சாம்! பெத்தவ கண்ணு முன்னாடி பாடிக்கிட்டு வந்தானே, அதுக்கும் டிக்கு போட்டுச்சா ஒன் பெட்டி? கதவு வச்சிருக்கேன் கதவு வச்சிருக்கேன்னு ஊரெல்லாம் தம்பட்டம் அடிச்சியே!"

தடியால் இரண்டு அடி விழுந்தால்கூட வாங்கிக்கொள்ளலாம் என்றுதான் நொரீன் நின்றாள். அடி விழவில்லை. கூட்டத்தின் பின்னாலிருந்து ஈனிட் வந்தாள். போர்வை இன்னும் தலையில் இருந்தது.

"நான் இனிமே அந்த ரூமுக்குப் போகமாட்டேன்," என்றாள்.

"சின்னம்மா, அப்படிச் சொல்லாத."

"ஒரு பெட்டிலயும் அவன் இல்லன்னு நீ வந்து என் மூஞ்சியப் பாத்துச் சொல்லு. அப்ப வர்றேன்."

ஜூடித் நொரீனைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னாள். புதன்கிழமை ரத்தம் பாதிதான் சுத்தமாயிருக்கிறது. வெள்ளிக்கிழமை தவறினால் சமாளிக்கலாம். திங்கட்கிழமையும் தவறினால் நுரையீரலில் நீர் ஏறிவிடும், அப்புறம் தன்னால் ஒன்றும் செய்ய முடியாது. நகரத்துக்கு விமானத்தில் அனுப்பலாமா என்று கேட்டுப் பார்த்தார்கள். மகன் செத்த ஆஸ்பத்திரி வாசலை மிதிக்க மாட்டேன் என்று ஈனிட் சொல்லிவிட்டாள். ஆக, திங்கட்கிழமை வரைக்கும்தான் நேரம்.

நொரீன் நகர அலுவலகத்துக்கு போன் போட்டாள். அங்கே அலிஸ்டர் என்று ஒருவன். வெள்ளைக்காரன்தான், ஆனால் பன்னிரண்டு வருடமாக இந்தப் பக்கத்து ஊர்களோடு பழகுகிறவன்.

"யாரோட படம், நொரீன்?"

"அவரோடதுதான்."

"எவரோடது?"

"என் தம்பிய்யா. போனவரு. ஈனிட் சின்னம்மா மகன். ஒன் ஸ்பீக்கர ஒரு வாரம்னு வாங்கிட்டுப் போய் ரெண்டு வருஷமா குடுக்காம வச்சிருந்தாரே."

"ஓ, அவரா! அவரு பேரு..."

"சொல்லாத!" நொரீன் போனைக் காதிலிருந்து ஒரு முழம் தள்ளிப் பிடித்துக்கொண்டு கத்தினாள்.

"சரி, சரி. மன்னிச்சுக்க. வாயால சொல்லல, கையால எழுதறேன்." தட்டச்சு செய்யும் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரம் கழித்து அவன் சொன்னான்: "நீ குமஞ்சாயின்னு போட்டிருக்க. ஏற்கெனவே குமஞ்சாயின்னு மூடி வச்ச பழைய ஆளுங்க மூணு பேரு இருக்காங்க. பெட்டி அவங்களையே இன்னொரு தடவ மூடியிருக்கு."

"அதுக்கு டிக்கு வேற போட்டுச்சா?"

"மூடின லிஸ்ட்டு கீழயே வரும், நொரீன். ஒரு தடவ பாத்திருந்தா..."

"எப்படிய்யா பாப்பேன்? எந்தம்பி மூஞ்சிய ஒண்ணொண்ணாப் பாத்து, இது மூடியிருக்கு, இது மூடலன்னு எண்ணச் சொல்றியா?"

அலிஸ்டர் நல்லவன்தான், அதனால் திட்டுவது சுலபமாக இருந்தது. நானூற்றுப் பன்னிரண்டு படங்களையும் பாட்டுகளையும் அவன் மூடினான். மின்சாரத்தில் ஓடிக்கொண்டு இன்டர்நெட்டோடு ஒட்டியிருக்கிற பெட்டிகளில் எல்லாம் அவை மறைந்துவிடும் என்றான். "அணைஞ்சு கெடக்குற பெட்டிக்கு நான் சொல்றது கேக்காது. அதுல பழசு அப்படியேதான் இருக்கும். போனு, காரு, அதெல்லாம் நம்ம கையிலயே இல்ல."

இங்கேதான் கிளிஃபோர்ட் ஜுங்கராயி வருகிறான். நொரீனின் கணவனுக்குத் தம்பி. வனக்காவல் வேலை, பாலைவனத்தில் காட்டு ஒட்டகங்களை எண்ணிக் கணக்குக் கொடுப்பான். ஜுங்கராயி என்பதும் பிறந்த வகைதான், அந்த வகையினர் இறந்தவனுக்கு மச்சான் முறை. சாவு வீட்டில் ரத்த உறவுகள் உட்கார்ந்து அழ வேண்டும், வேலை எல்லாம் மச்சான்மார்கள் தலையில். குழி வெட்டுவது, பொருள்களை அப்புறப்படுத்துவது, இறந்தவர் விட்டுப் போவதற்காக வீட்டுக்குப் புகை போடுவது எல்லாம் அவர்கள் பாடு. மச்சான்கள் பார்க்கலாம், தொடலாம்.

"இதுவும் அதே வேலதான், அண்ணி," என்றான் கிளிஃபோர்ட். "பொருளக் காலி பண்றது. நீ அந்தப் பக்கம் திரும்பி உக்காந்து எந்த பட்டன்னு மட்டும் சொல்லு. நான் பாத்துக்கறேன்."

"பாத்து அமுக்குங்க, கொழுந்தனாரே. போன தடவ ஒங்க போனையே நீங்க பூட்டிட்டுத் தொறக்கத் தெரியாம நின்னீங்க."

"அது ஒட்டகம் மிதிச்ச போனு."

வெள்ளிக்கிழமை ஈனிட் வரவில்லை. அவளுடைய நாற்காலி காலியாக இருந்தது. அன்று பகல் முழுவதும் கிளிஃபோர்டும் நொரீனும் பள்ளிக்கூடத்தில் இருந்தார்கள். விடுமுறை. அலமாரிக்குள் இருபத்து மூன்று டேப்லெட்டுகள் சார்ஜ் இல்லாமல் கிடந்தன. ஒவ்வொன்றையும் உயிர்ப்பித்தால் அது முதலில் பழைய படத்தைத்தான் காட்டும், அப்புறம்தான் மூடச் சொன்ன செய்தி வந்து சேரும். அதனால் நொரீன் கதவுக்கு வெளியே, முதுகைச் சுவரில் சாய்த்து உட்கார்ந்துகொண்டாள்.

"பதினேழு முடிஞ்சுது. ஆறு எந்திரிக்க மாட்டேங்குது," என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

"எந்திரிக்கிற வரைக்கும் உக்காருங்க."

"ஒட்டகமே பரவால்ல, அண்ணி. அதுங்களாவது தானா நடக்கும்."

கடைத்திரையில் தனியாக ஒரு பென் டிரைவ் செருகியிருந்தது. யாரோ எப்போதோ செருகியது. அதில் அவன் பாட்டு இருந்தது. முதியோர் சமையற்கூடத்தின் பழைய டிவிடி ஒன்றில் இருந்தது. ஓவியக் கூடத்தில் எவரோ அவன் படத்தைக் கம்ப்யூட்டரின் முகப்புப் படமாகவே வைத்திருந்தார்கள். ஐந்து வாரமாக ஒரு துணியைப் போட்டு அதை மூடிவிட்டு அந்தப் பக்கமே போகாமல் இருந்திருக்கிறார்கள். நொரீனிடம் சொல்ல யாருக்கும் வாய் வரவில்லையாம். சொல்லியிருந்தால் இந்தக் கூத்தே நடந்திருக்காது. கோபம் வந்தது அவளுக்கு, ஆனால் கோபப்படுகிற இடத்தில் அவள் இல்லை.

சனிக்கிழமை காலை ஊர் வானொலியில் அவளே பேசினாள். "சின்னம்மாவுக்காகச் சொல்றேன். போனு, கார்டு, கார்ல குத்தி வச்சிருக்கிறது, எல்லாத்தையும் கொட்டகைக்குக் கொண்டாங்க. ஜுங்கராயிங்க உக்காந்திருக்காங்க, அவங்க பாத்து எடுத்துருவாங்க. வேற என்ன வச்சிருக்கீங்கன்னு யாரும் நோண்ட மாட்டாங்க. நான் யாரையும் திட்டமாட்டேன். தப்பு என்னோடது."

நொரீன் தன் தப்பு என்று வானொலியில் சொன்னதற்காகவே பாதிப் பேர் வந்திருப்பார்கள். பத்து மணிக்குள் கொட்டகையிலிருந்து கடை வரை கார்கள் நின்றன. மரநிழலில் மேஜை போட்டுக் கிளிஃபோர்டும் அவனுடைய பங்காளிகள் இரண்டு பேரும் உட்கார்ந்தார்கள். நொரீன் மேஜைக்கு முதுகைக் காட்டி ஒரு டின் மேல் உட்கார்ந்து, போன்களை வாங்கித் தோளுக்கு மேலாகப் பின்னால் நீட்டினாள். வேலை முடிந்த போன் அதே வழியில் திரும்பி வந்தது. நூற்று அறுபது போன்கள் இருக்கும். ஒரு கிழவி உடைந்துபோன பொத்தான் போனைக் கொண்டு வந்தாள். அதில் பாட்டே ஓடாது. இருந்தாலும் பார்த்துவிடு என்று பிடிவாதமாக நின்றாள், கிளிஃபோர்டும் பார்த்துக் கொடுத்தான்.

மத்தியானத்துக்கு மேல் பாட்டுக் குழுவில் டிரம் அடிப்பவன் வந்தான். தம்பியோடு பதினைந்து வருடம் வாசித்தவன். லேப்டாப்பை மார்போடு சேர்த்துப் பிடித்திருந்தான்.

"அக்கா, இதுல ஒம்போது பாட்டு இருக்கு. யாரும் கேக்காதது. அழிச்சிருவியா?"

"அழிக்கமாட்டேன்டா. ஒரு காப்பி எடுத்துப் பெட்டில பூட்டிட்டுத்தான் இதுல துடைப்பாங்க. சின்னம்மா தொறன்னு சொல்ற அன்னிக்குத் தொறப்பேன்."

"இந்தத் தடவ பூட்டு ஒழுங்கா விழுமா?"

"அலிஸ்டர் எழுதறான். விழும்."

அவன் லேப்டாப்பைக் கொடுத்துவிட்டு, வேலை முடியும்வரை காரில் ஏறாமல் வெயிலிலேயே நின்றான்.

ஞாயிற்றுக்கிழமை முழுக்க போன். மேற்கே இருக்கிற ஊர், வடக்கே இருக்கிற ஊர், எல்லையைத் தாண்டி இருக்கிற ஊர். ஒவ்வொரு ஊரிலும் ஒரு அத்தையோ ஒரு மச்சானோ இருந்தார்கள். சரி, சொல்லிவிடுகிறோம் என்றார்கள். சிலர் ஏற்கெனவே மூடியிருந்தார்கள். குர்லங்காவிலேயே மூடவில்லையா என்று கேட்டபோது அவளுக்குக் காது கூசியது. சாயங்காலம் அலிஸ்டர் கூப்பிட்டான். திருவிழாவுக்கு வந்த வெளியாள் ஒருவன் எடுத்த வீடியோ இன்டர்நெட்டில் பொதுவாகக் கிடக்கிறது, ஒன்பதாயிரம் பேர் பார்த்திருக்கிறார்கள். நீக்கச் சொல்லி எழுதியிருக்கிறேன், எப்போது நீக்குவார்கள், நீக்குவார்களா என்றே தெரியாது என்றான்.

"சின்னம்மாகிட்ட ஒண்ணும் இல்லன்னே சொல்லிடு," என்றான் கிளிஃபோர்ட். "இன்டர்நெட்டுல போய்த் தேடவா போகுது? உசுரு முக்கியம், அண்ணி."

நொரீன் அதை நினைத்துப் பார்க்காமல் இல்லை. பொய் சொன்னால் காலை ஒன்பது மணிக்குச் சின்னம்மா நாற்காலியில் இருப்பாள். ஏற்கெனவே ஒரு தடவை மூடிவிட்டேன் என்று சொன்ன வாய் இது.

திங்கட்கிழமை காலை பெண்கள் பச்சை இலைகளைக் கொண்டுவந்து டயாலிசிஸ் அறையில் புகை போட்டார்கள். ஜூடித் நாற்காலி மேல் ஏறிப் புகை அலாரத்தைக் கழற்றி வைத்தாள். இருமிக்கொண்டே கதவைத் திறந்து பிடித்திருந்தாள். நொரீன் நேராகத் துக்கக் கூடாரத்துக்குப் போனாள். ஈனிட் மெத்தை மேல் உட்கார்ந்திருந்தாள். படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று விடிய விடிய உட்கார்ந்தே இருந்திருக்கிறாள். பாதங்கள் வீங்கிப் பளபளத்தன.

"எல்லாம் மூடியாச்சா?"

நொரீன் எதிரே மண்ணில் உட்கார்ந்தாள். "இல்ல, சின்னம்மா."

ஈனிட் மூச்சை இழுத்துவிட்டாள்.

"நம்ம ஊர்ல ஒண்ணுகூட இல்ல. சுத்துப்பட்டு ஊர்லயும் சொல்லியாச்சு. ஆனா வெளிய போயிருக்கு. எங்கெங்க போயிருக்குன்னு எனக்கே தெரியாது. எந்தத் தேசத்துலயோ எவனோ வச்சிருப்பான், நம்மள யாருன்னே தெரியாதவன். அத என்னால புடிக்க முடியல."

ஈனிட் விரலால் மண்ணில் ஒரு கோடு போட்டாள், அழித்தாள், மறுபடி போட்டாள். பக்கத்தில் நாய் ஒன்று எழுந்து இடம் மாறிப் படுத்தது.

"அந்த ரூம்ல?"

"திரையக் கழட்டிட்டேன். சுவத்துல நாலு ஓட்டைதான் இருக்கு. நீ இருக்கிற அஞ்சு மணி நேரமும் நான் அந்த ஓட்டைக்கு முன்னாடி உக்காந்துக்கறேன். இன்னிக்கு மட்டும் இல்ல, எப்பவும்."

"அஞ்சு மணி நேரம் ஒன் மூஞ்சியப் பாக்கணுமா?" என்றாள் ஈனிட். கொஞ்சம் பொறுத்து, "கையக் குடு, எந்திரிக்க முடியல," என்றாள்.

அறையில் இலைப்புகை வாசம் இன்னும் இருந்தது. ஜூடித் எடை பார்த்தாள், குறித்துக்கொண்டாள், ஊசிகளைக் குத்தினாள். குழாய்களில் சிவப்பு ஓடத் தொடங்கியது. நொரீன் சொன்னபடியே திரை இருந்த சுவரில் முதுகைச் சாய்த்து, நாற்காலி போட்டு, ஈனிட்டைப் பார்த்து உட்கார்ந்தாள். ஒரு மணி நேரத்தில் மற்ற நாற்காலிக்காரர்கள் தூங்கிவிட்டார்கள்.

"புள்ள," என்றாள் ஈனிட்.

"சொல்லு, சின்னம்மா."

"நான் ஒடனே போர்வைய இழுக்கல."

நொரீனுக்கு முதலில் புரியவில்லை.

"அன்னிக்கு. போர்வ மடியிலதான் இருந்துச்சு. இந்தக் கை சும்மாதான் இருந்துச்சு. ஜூடித் அங்கயும் இங்கயும் ஓடுறா, கெழவன் கத்துறான், நான் பாத்துக்கிட்டே இருந்தேன். அவ மேசைக்கு அடியில பூந்தப்புறம்தான் இழுத்தேன். அவ நிமிந்து பாத்தா தெரிஞ்சிருமேன்னு இழுத்தேன்." குரல் தேய்ந்துவிட்டது. "திரும்ப வந்துருமோன்னு எனக்கு பயம் இல்ல, புள்ள. வந்தா திரும்பப் பாப்பேனேன்னுதான் பயம். நான் இப்படிப் பாத்துக்கிட்டு இருந்தா அவன் எப்படிப் போவான்?"

ஐந்து நாளாக நானூற்றுப் பன்னிரண்டு படங்களுக்கும் நூற்று அறுபது போன்களுக்கும் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தவள் நொரீன். திரும்பிவிடக் கூடாது என்று கழுத்தை இறுக்கி வைத்திருந்த வலி இன்னும் இருந்தது. திரும்ப வேண்டும் என்று எத்தனை தடவை தோன்றியது என்று அவளும் யாரிடமும் சொல்லவில்லை. நாற்காலியை இழுத்துச் சின்னம்மாவுக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டாள்.

"எப்படி இருந்தான்?" என்றாள், கதவுப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, வாய்க்குள்ளேயே.

ஈனிட் கண்ணை மூடிக்கொண்டாள். "சட்டைய உள்பக்கம் வெளிய தெரியிற மாதிரி மாத்திப் போட்டிருந்தான், முட்டாப் பய. அத்தன சனத்துக்கு முன்னாடி. ஒருத்தனாவது சொல்லியிருக்கக் கூடாதா?"

"அப்படியே நின்னு பாடினானா?"

"அப்படியேதான் நின்னு பாடினான்."

சிரிப்பு முதலில் நொரீனுக்குத்தான் வந்தது. அதை அடக்கப் போய் அழுகையாகி, இரண்டும் சேர்ந்து சின்னம்மாவுக்கும் தொற்றிக்கொண்டது. ஈனிட்டின் தோள் குலுங்கிக் கை ஆடியதில் மெஷின் கீக்கீ என்று கத்தத் தொடங்கியது. ஜூடித் ஓடி வந்து குழாயைச் சரிசெய்து, இந்தக் கையை அசைக்கவே கூடாது என்று எத்தனை தடவை சொல்லியிருக்கிறேன் என்று இருவரையும் சேர்த்துத் திட்டினாள்.